ஜவ்வு கிழிஞ்சா உடனே கத்தியா?

டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. கோடு அடிச்சுப் பொழைக்கிற சாதா இன்ஜினியர். இதைப் படிச்சிட்டு யாரும் சுய வைத்தியத்துல இறங்கிடாதீங்க. ஆனா முட்டி வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்தருள்க.

போன மாசம் கேம்ப் ரோடுல பஸ் ஏறி மேடவாக்கம் வரைக்கும் போறப்ப, சும்மா பொழுது போகலைன்னு ரோட்டோர போர்டுகளை எண்ணிக்கிட்டே வந்தேன். "மூட்டு வலியா?" என்று கேட்கிற போர்டு மட்டும் பதினொன்னு. அதுல பாதிக்கு மேல நுண்துளை சிகிச்சைன்னு போட்டிருக்கு. தழும்பு இல்லை, வலி இல்லை, காலையில வந்தா சாயந்திரம் வீடு. பிரியாணிக் கடை போர்டுகூட இவ்ளோ நம்பிக்கையா இருக்காது.

முன்னாடின்னா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். இப்ப முடியலை. ஏன்னா மேட்டர் வீட்டுக்குள்ள வந்துடுச்சு.

அம்மாவுக்கு 53 வயசு. விழலை, இடிச்சுக்கலை. ஒரு மூணு மாசமா இடது முட்டியில உள்பக்கமா வலி. மாடிப்படி இறங்கினா வலி, கோலம் போட உக்காந்தா எந்திரிக்க முடியலை. சரின்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். (பேர் வேண்டாம். இந்த ஆஸ்பத்திரி இல்லைன்னா பக்கத்து ஆஸ்பத்திரி, அவ்ளோதான் வித்தியாசம்.) முட்டியை ரெண்டு தடவை மடக்கி நீட்டிப் பாத்தாங்க, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாங்க. மறுநாள் ரிப்போர்ட்டோட போனோம்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா. சின்ன ஓட்டை போட்டு சரி பண்ணிடலாம். ஒரே நாள்."

அடுத்த கேள்வி அம்மாகிட்ட இல்லை, என்கிட்ட. "கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கா தம்பி?"

மொத்தமா நாலு நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே வந்ததும் அம்மா, "சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சுட்டா நல்லதுடா" என்றார். எஸ்டிமேட் ஒரு லட்சத்து இருபதாயிரம், முழுசா கேஷ்லெஸ். கையெழுத்து போடறது மட்டும்தான் பாக்கி.

நல்லவேளை, போடலை. அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சவன், மூணு வாரம் படிச்சேன். படிக்கப் படிக்க கோவம்தான் வந்துச்சு. அந்தக் கோவம்தான் இந்தப் பதிவு.

முதல் கோவம் நம்ம தமிழ் மேலயே. ஜவ்வுன்னு ஒரே வார்த்தையை வெச்சுக்கிட்டு முட்டிக்குள்ள இருக்கிற மூணு வேற வேற சாமானை நாம சொல்றோம்.

ஒண்ணு, லிகமெண்ட். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கிற கயிறு. கால்பந்து ஆடறப்ப முட்டி திரும்பி "டப்"புன்னு அறுபடுமே, அது.

ரெண்டாவது, மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல, பிறை வடிவத்துல, உள்பக்கம் ஒண்ணு வெளிப்பக்கம் ஒண்ணுன்னு இருக்கிற மெத்தை. முட்டியோட ஷாக் அப்சார்பர்.

மூணாவது, எலும்பு முனையில வழவழன்னு பூசினமாதிரி இருக்கிற குருத்தெலும்பு. "தேய்மானம்"னு சொல்றது இது தேயறதைத்தான்.

மூணுக்கும் வைத்தியம் வேற, பலனும் வேற. ஆனா நம்ம ஊர்ல மூணுமே "ஜவ்வு போயிடுச்சு"தான். அதனாலதான் "எங்க ஆபீஸ் பையனுக்கு ஜவ்வு ஆபரேஷன் பண்ணாங்க, இப்ப கிரிக்கெட் ஆடறான், உங்க அம்மாவுக்கும் பண்ணிடு" என்று மாமா அட்வைஸ் குடுக்க முடியுது. அந்தப் பையனுக்கு அறுந்தது கயிறு, எங்கம்மாவுக்கு நைஞ்சது மெத்தை!

ரெண்டாவது விஷயம், மெனிஸ்கஸ் கிழியறதுலயே ரெண்டு ஜாதி உண்டு. புது வேட்டி ஆணியில மாட்டி டர்ருன்னு கிழியறது ஒரு வகை. பழைய வேட்டி மடிப்புலயே நைஞ்சு போறது இன்னொரு வகை. சின்ன வயசுல அடிபட்டுக் கிழியறது முதல் வகை. நாப்பது, நாப்பத்தஞ்சுக்கு மேல எந்த அடியும் படாம ரிப்போர்ட்ல தெரியற கிழிசல் பெரும்பாலும் ரெண்டாவது வகை.

ஆபரேஷனும் ரெண்டு வகை. ஒண்ணு தையல் போடறது. மெனிஸ்கஸ்ல வெளி ஓரத்துலதான் ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, அதனால அங்க கிழிஞ்சா தைச்சா ஒட்ட வாய்ப்பு உண்டு. இன்னொண்ணு, கிழிஞ்ச பகுதியை வெட்டி எடுத்து ஓரத்தை ஒழுங்கு பண்றது. நைஞ்ச துணியில தையல் நிக்காது இல்லையா, அதனால வயசானவங்களுக்கு "சரி பண்ணிடலாம்"னு சொன்னா பெரும்பாலும் அர்த்தம் வெட்டி எடுக்கிறதுதான். ரிப்பேர்னு பேரு, ஆனா நடக்கிறது டெலீட்.

மெத்தையை வெட்டினா என்ன ஆகும்னு 1948லயே ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் டாக்டர் எழுதிட்டார். அப்பல்லாம் முட்டியைத் திறந்து மெனிஸ்கஸை அப்படியே உருவிடுவாங்க. உருவின முட்டிகள்ல தேய்மான அறிகுறி எக்ஸ்ரேயில தெரியுதுன்னு அவர் காட்டினார். 1962ல ஜப்பான்ல மசாகி வதனாபே சின்ன ஓட்டை வழியா கிழிஞ்ச பகுதியை மட்டும் எடுத்துக் காட்டினது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். எனக்கு டெக்னாலஜி மேல கோவம் இல்லை மக்கா. எந்த முட்டியில அதைப் பயன்படுத்தறாங்க என்பதுதான் கேள்வி.

சரி, ரிப்போர்ட்ல கிழிசல் தெரியுதே, அதுதானே வலிக்குக் காரணம்?

இங்கதான் ட்விஸ்ட். அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர்ல 50 முதல் 90 வயசு வரைக்கும் 991 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்தாங்க. முட்டி வலின்னு வந்தவங்களைத் தேடிப் பிடிக்கலை, ஊர்ல இருக்கிற சாதாரண ஜனங்க. 2008ல வந்த முடிவு: மெனிஸ்கஸ் கிழிஞ்சிருந்தவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு அதுக்கு முந்தின ஒரு மாசத்துல வலியே கிடையாது! வயசு ஏற ஏற கிழிசலும் ஏறுது, அம்பதுகள்ல இருக்கிற பெண்கள்ல 19 சதவீதம், எழுபது தாண்டின ஆண்கள்ல 56 சதவீதம்.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். சர்வர் படுத்துடுச்சுன்னு லாகைத் திறந்தா நூறு வார்னிங் இருக்கும். அதுல பாதி மூணு வருஷமா அங்கேயேதான் இருக்கு. முதல்ல கண்ணுல பட்ட வார்னிங்கைப் பிடிச்சு "இதான் பக்"னு கோடை வெட்டி எறியறவனை டீம்ல வெச்சுப்போமா? முட்டிக்கு மட்டும் அதை ஒத்துக்கறோம். அம்பது வயசு முட்டியில கிழிசல்ங்கறது அம்பது வயசு தலையில நரை மாதிரி. இருக்கும். வலிக்குக் காரணம் அதுவாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அப்ப வெட்டி எடுத்தா வலி போகுதா இல்லையான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? ஃபின்லாந்துல ஒரு சோதனை பண்ணாங்க பாருங்க, அதைப் படிச்சப்பதான் எனக்குத் தூக்கம் போச்சு. 35 முதல் 65 வயசு வரை 146 பேர். எல்லாருக்கும் உள்பக்க மெனிஸ்கஸ்ல தேய்வுக் கிழிசல், எலும்புத் தேய்மானம் இல்லை. எல்லாரையும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போனாங்க. கேமராவை உள்ளே விட்டுப் பாத்தாங்க. பாதிப் பேருக்கு நிஜமாவே வெட்டினாங்க. மீதிப் பேருக்கு வெட்டற மாதிரி ஆக்ட் குடுத்தாங்க. கருவி சத்தம், தண்ணி சத்தம், தியேட்டர்ல இருக்கிற நேரம் எல்லாம் அதே. யாருக்கு நிஜம், யாருக்கு டூப்புன்னு நோயாளிக்கும் தெரியாது, அப்புறம் பரிசோதிச்சவங்களுக்கும் தெரியாது. நாம பண்ற ஏ/பி டெஸ்டிங்தான், கத்தியோட!

ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு குரூப்புக்கும் வலியில வித்தியாசம் இல்லை. வலி குறைஞ்சிருக்குன்னு சொன்னவங்க நிஜ ஆபரேஷன்ல 89 சதவீதம், டூப் ஆபரேஷன்ல 83 சதவீதம். இது 2013 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல வந்தது. அஞ்சு வருஷம் தொடர்ந்து பாத்து 2020ல மறுபடி எழுதினாங்க. அப்பவும் வெட்டினதால ஆதாயம் இல்லை. எக்ஸ்ரேயில தேய்மானம் மட்டும் வெட்டினவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

"எங்க பெரியப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணி சரியாச்சே"ன்னு சொல்றவங்க அந்த 83ஐ இன்னொரு தடவை படிங்க. உங்க பெரியப்பாவுக்கு சரியானது உண்மைதான். வெட்டாம வெறுமனே ஓட்டை போட்டவங்களுக்கும் சரியாச்சு. முட்டி வலி ரொம்ப மோசமா இருக்கிறப்பதான் டாக்டர்கிட்ட போவோம், அது தானாவே கொஞ்சம் இறங்கும். ஆபரேஷன் முடிஞ்சதும் ஆறு வாரம் ரெஸ்ட், உடற்பயிற்சி வேற. பேர் மட்டும் கத்திக்கு.

ஃபின்லாந்து ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறேன்னு நினைச்சுடாதீங்க. 2002ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல தேய்மானம் இருந்த 180 பேர்கிட்ட இதே மாதிரி டூப் ஆபரேஷன் சோதனை. முட்டியைக் கழுவி சுத்தம் பண்றதும் டூப்பும் ஒண்ணுதான்னு வந்துச்சு. 2016ல நார்வேயில 140 பேர்: ஆபரேஷன் ஒரு பக்கம், 12 வாரம் உடற்பயிற்சி ஒரு பக்கம், ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டும் சமம். 2018ல நெதர்லாந்துல 321 பேர்: உடற்பயிற்சி ஆபரேஷனுக்குக் குறைஞ்சது இல்லை. 2017ல பி.எம்.ஜே. இதழ்ல மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்த ஒரு குழு, தேய்வு சம்பந்தமான முட்டி வலிக்கு நுண்துளை ஆபரேஷன் கிட்டத்தட்ட யாருக்குமே வேண்டாம் என்று ஆணித்தரமா பரிந்துரை எழுதிடுச்சு. 2017! நம்ம போர்டுகள்ல பெயிண்ட்கூட காயலை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் முட்டி. நாம சம்மணம் போடறோம், குந்தி உக்கார்றோம். நம்ம முட்டி வேற" என்று ஒரு வாதம் வரும். இதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். நியாயமான சந்தேகம்தான். ஆனா அந்த சந்தேகம் எந்தப் பக்கம் வேலை செய்யணும்? நம்ம முட்டி வேறன்னா, நம்ம முட்டியில வெட்டினா பலன் உண்டுன்னு கணக்கு காட்ட வேண்டியது கத்தி பிடிக்கிறவர் பொறுப்பு. வேறன்னு சொல்லிட்டு அதே கத்தியை எடுக்கறது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு வாதம்: "உடற்பயிற்சி எல்லாருக்கும் ஒத்துவராது." இதுவும் உண்மை. 2013ல வந்த 351 பேர் அமெரிக்க ஆய்வுல, உடற்பயிற்சிக்குப் போனவங்கள்ல 30 சதவீதம் பேர் ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க. மறைக்கலை. ஆனா திருப்பிப் பாருங்க, 70 பேர் அந்த ஆறு மாசத்துல கத்தியைத் தொடலை. மாறினவங்களும் தாமதமானதால கெட்டுப் போகலை, கடைசியில மத்தவங்க அளவுக்குத் தேறிட்டாங்க. அதாவது காத்திருக்கறதுல நஷ்டம் இல்லை. இன்னிக்கே வெட்டலைன்னா இந்தக் கிழிசல்ல எதுவும் முழுகிடாது.

மூணாவதா, "பிசியோ பாத்தோம், ஒண்ணும் வேலைக்காகலை." இதுக்கு நான் பிசியோ சென்டர்களையும் ஒரு வாங்கு வாங்கணும். நம்ம ஏரியாவுல முக்கால்வாசி சென்டர்ல நடக்கறது என்ன? படுக்க வெச்சு மெழுகு ஒத்தடம், இருபது நிமிஷம் கரண்ட், ரெண்டு தடவை காலைத் தூக்கு, முந்நூறு ரூபா குடு. அந்த ஆய்வுகள்ல சொல்ற உடற்பயிற்சி அது இல்லை. தொடைத் தசைக்கு வாராவாரம் எடை ஏத்தி, நாற்காலியில உக்காந்து எந்திரிச்சு, படி ஏறி இறங்கி, வேர்க்க வேர்க்கச் செய்யறது. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், மூணு மாசம். கரண்ட் வெச்சுக்கிட்டுப் படுத்திருந்துட்டு உடற்பயிற்சி பலிக்கலைன்னு சொல்லக் கூடாது.

அப்ப ஏன் யாரும் இதை முதல்ல சொல்றதில்லை? டாக்டருங்க எல்லாம் கெட்டவங்கன்னு சொல்ல நான் வரலை. அம்மாவை ரெண்டாவதா காட்டினது இன்னொரு எலும்பு டாக்டர்கிட்டதான். கால் மணி நேரம் பேசினார். "முட்டி மாட்டிக்கலை, முழுசா நீட்ட வருது. மூணு மாசம் பயிற்சி பண்ணுங்கம்மா, அப்புறமும் முடியலைன்னா பேசலாம்"னு அனுப்பினார். அவர் வாங்கினது ஐநூறு ரூபா. அந்த ஐநூறுலதான் விஷயமே இருக்கு.

கணக்கு போட்டுப் பாருங்க. ஆபரேஷன் ஒரு லட்சத்து இருபதாயிரம், இன்ஷூரன்ஸ் குடுக்கும். உடற்பயிற்சி ஒரு தடவைக்கு நானூறு, 24 தடவைக்கு 9,600 ரூபா. எச்.ஆர்.கிட்ட கேட்டேன். "அட்மிட் ஆகாத வைத்தியம் கவர் ஆகாது." நம்ம ஊர்ல பெரும்பாலான பாலிசிகள் அப்படித்தான். பன்னிரண்டு மடங்கு செலவானாலும் கத்தின்னா ஓகே, பத்தாயிரத்துல முடியறதுன்னா நம்ம பாக்கெட். இந்த டிசைனை எவன் அப்ரூவ் பண்ணினான்? யாரும் திருட வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம். பணம் எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் ஓடுது, அதுல நம்ம அம்மா அப்பா முட்டியும் சேர்ந்து ஓடுது. கேஷ்லெஸ்னா இலவசம்னு நினைச்சு நாமளும் தள்ளி விடறோம்.

"சின்ன ஓட்டைதானே, பண்ணினா என்ன நஷ்டம்?" என்பதுதான் கடைசி வாதம். அதுக்கும் கணக்கு இருக்கு. இங்கிலாந்துல 1997 முதல் 2017 வரை இந்த வெட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட சுமார் ஏழு லட்சம் பேரோட பதிவுகளைப் பாத்தாங்க. 90 நாளுக்குள்ள பெரிய சிக்கல் வந்தது ஆயிரத்துக்கு மூணு பேருக்கு. நுரையீரல்ல ரத்தக்கட்டி, மூட்டுல சீழ் இப்படி. ரொம்பக் குறைச்சல்தான். ஆனா பலன் பூஜ்யம்னா ஆயிரத்துக்கு மூணுகூட அதிகம் இல்லையா?

நம்ம சென்னையிலயே மறக்க முடியாத ஒண்ணு நடந்துச்சு. 2022 நவம்பர். 17 வயசு கால்பந்து வீராங்கனை, கல்லூரி மாணவி. பெரியார் நகர் அரசு மருத்துவமனையில முட்டி லிகமெண்டுக்கு நுண்துளை ஆபரேஷன். அதுக்கப்புறம் போட்ட கட்டு இறுக்கமா இருந்து ரத்த ஓட்டம் நின்னு, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில காலையே எடுக்க வேண்டியதாச்சு. நவம்பர் 15ஆம் தேதி அந்தப் பொண்ணு இறந்துட்டா. கட்டு இறுக்கினதுல கவனக்குறைவுன்னு அமைச்சரே சொன்னார், ரெண்டு டாக்டர்களை சஸ்பெண்ட் பண்ணாங்க. அது வேற ஜவ்வு, வேற ஆபரேஷன், விளையாடற பொண்ணுக்கு அது தேவையாவும் இருந்திருக்கலாம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதலை. "சின்ன ஓட்டை"ன்னா தோல்ல போடற ஓட்டைதான் சின்னது. உள்ளே நடக்கறது ஆபரேஷன்தான்.

நியாயத்துக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். என் கூட வேலை பாக்கறவன் ஒருத்தன், 26 வயசு. ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்ல பந்தைத் தடுக்கத் திரும்பினவன் முட்டி அப்படியே பூட்டிக்கிச்சு. நீட்டவே வரலை. மெனிஸ்கஸ் வாளிக் கைப்பிடி மாதிரி கிழிஞ்சு நடுவுல மாட்டிக்கிச்சு. இதுக்குத் தள்ளிப் போடக் கூடாது, ஆபரேஷன்தான். தையல் போட்டாங்க, நல்லா இருக்கான். அவனுக்குக் கத்தி வேணாம்னு சொல்றவன் முட்டாள். ஆனா முட்டி பூட்டிக்காத இளவட்டங்களுக்கும்கூட அவசரம் இல்லைன்னுதான் 2022ல வந்த டென்மார்க் ஆய்வு சொல்லுது. 18 முதல் 40 வயசு வரை 121 பேர். உடனே ஆபரேஷன் பண்ணினவங்களும், முதல்ல உடற்பயிற்சி பண்ணி தேவைப்பட்டா மட்டும் ஆபரேஷனுக்குப் போனவங்களும் ஒரு வருஷத்துல ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருந்தாங்க. ரெண்டாவது குரூப்ல கால்வாசிப் பேர்தான் கடைசியில ஆபரேஷனுக்குப் போனாங்க.

அதனால அடுத்த தடவை யாராவது "ஜவ்வு கிழிஞ்சிருக்கு"ன்னு சொன்னா, எந்திரிக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.

1. எந்த ஜவ்வு? லிகமெண்டா, மெனிஸ்கஸா, குருத்தெலும்பா?
2. அடிபட்டுக் கிழிஞ்சதா, வயசுல நைஞ்சதா? தைக்கப் போறீங்களா, வெட்டப் போறீங்களா?
3. மூணு மாசம் முறையா உடற்பயிற்சி பண்ணிட்டு வந்தா என்ன கெட்டுப் போகும்?

மூணாவதுக்கு பதில் சொல்லாம இன்ஷூரன்ஸ் பத்திப் பேசினா, ஃபைலை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுங்க. முட்டி வலிச்சாலும் பரவாயில்லை.

அம்மா எப்படி இருக்காங்கன்னு கேப்பீங்க. பதினாலு வாரம் ஆச்சு. அதிசயம் எதுவும் நடக்கலை. சில நாள் வலி இருக்கு, குந்தி உக்கார இன்னும் வரலை. கோலத்தை மணை போட்டு உக்காந்துதான் போடறாங்க. முதல் மாசம் "உன் பேச்சைக் கேட்டு நான்தான்டா அவஸ்தைப்படறேன்"னு திட்டு வேற. அந்த ஒரு மாசம் எனக்கே சந்தேகம்தான், தப்பு பண்ணிட்டோமோன்னு. ஆனா போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன்ல கிழக்குல இருந்து மேற்குக்கு நடைமேம்பாலத்துல கைப்பிடியைப் பிடிக்காம ஏறி இறங்கினாங்க. மெனிஸ்கஸ் முழுசா உள்ளேயே இருக்கு. கிழிசலோடதான்.

எங்கம்மா ஒருத்தரை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். பெரியப்பாவை வெச்சு வாதாடாதீங்கன்னு சொல்லிட்டு அம்மாவை வெச்சு வாதாடினா நல்லா இருக்காது :-) அதுக்குத்தான் மேல நம்பர் எல்லாம் குடுத்திருக்கேன். தப்பு இருந்தா ஆதாரத்தோட வந்து திட்டுங்க, திருத்திக்கறேன். டாக்டர் நண்பர்கள் யாராவது படிச்சா ஸ்பெஷலா வரவேற்கிறேன். ஆனா "நீ இன்ஜினியர்தானே, உனக்கென்ன தெரியும்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. முட்டி எங்கம்மாவோடது சார், கேள்வி கேக்க அந்த ஒரு தகுதி போதும்.